கையெழுத்துக்கு மட்டும் வரும் செயற்குழு: ஒரு சங்கச் செயலாளரின் கடிதமும் பதிலும்

வேதாளையிலிருந்து ஏர்வாடி வரையுள்ள கடற்கரைக் கிராமங்களில் வேலை செய்யும் ஒரு தொண்டுச் சங்கத்தின் செயலாளர் எனக்கு நீண்ட கடிதம் ஒன்றை எழுதியிருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியையான அவரையும் சங்கத்தையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானது. மீனவர் பிள்ளைகளுக்கான மாலைநேரப் படிப்பு மையங்கள், கடற்பாசி எடுக்கும் பெண்களின் சுயஉதவிக் குழுக்கள், எல்லை தாண்டியதாகச் சொல்லிப் பிடித்துச் செல்லப்பட்ட மீனவர்களின் குடும்பங்களுக்கு உதவி ஆகிய மூன்றும் அதன் வேலைகள். சம்பளம் வாங்கும் ஊழியர்கள் பதினான்கு பேர். செயற்குழுவில் ஒன்பது பேர் இருக்கிறார்கள்: தலைவரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பொருளாளரான மீன் வியாபாரி, ஒரு விசைப்படகுச் சம்மாட்டி (படகு உரிமையாளர்), முன்னாள் ஊராட்சித் தலைவர், ஜமாஅத் பெரியவர் ஒருவர், தேவாலயப் பங்குப் பேரவையில் இருந்த ஒருவர், மதுரையில் தொழில் செய்யும் மருத்துவர், பாசி எடுக்கும் ஒரு பெண், பிறகு செயலாளர். இரண்டாம் சனிக்கிழமை காலை 11 மணிக்கு ராமநாதபுரம் அலுவலகத்தில் கூட்டம். நான்கைந்து பேர் வருவார்கள். “நீங்க பாத்துச் செய்ங்கம்மா, ஒங்களுக்குத் தெரியாததா” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போவார்கள். வராதவர்களின் வீட்டுக்குத் தீர்மானப் புத்தகம் அலுவலக உதவியாளரின் பைக்கில் போய்வரும்.

இப்போது ஒரு நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து, அதாவது சி.எஸ்.ஆர். பணத்திலிருந்து, உதவ முன்வந்து, மூன்று ஆண்டுக் கணக்குகளோடு செயற்குழுத் தீர்மானங்களையும் வருகைப் பதிவையும் கேட்டிருக்கிறது. செயலாளரின் கேள்விகள் நான்கு. வராத நான்கு பேரை நீக்கிவிட்டு மூன்று இளைஞர்களையும் ஓர் ஊழியரையும் சேர்க்கலாமா? ‘நாமெல்லாம் கௌரவப் பதவி, நமக்குச் சட்டப் பொறுப்பு ஒன்றும் கிடையாது’ என்று தலைவர் சொல்வது சரியா? கூட்டத்துக்கு வருபவர்களுக்கு ஆளுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தால் வருகை கூடுமா, கொடுக்கலாமா? நடக்காத கூட்டங்களுக்கும் தேதி போட்டு எழுதிவிடலாம் என்று கணக்கர் சொல்வதைக் கேட்கலாமா? இவற்றுக்கு மேலாக, ‘இவர்களுக்கு அக்கறையே இல்லை’ என்ற வருத்தம் கடிதம் முழுவதும் இழையோடுகிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்குத்தான் அவசரம். நடக்காத கூட்டத்தை நடந்ததாக எழுத வேண்டாம். அந்தத் தாளை நம்பி ஒரு நிறுவனம் பணம் கொடுத்தால், பிற்பாடு ஏதாவது ஒரு மனத்தாங்கலில் குழு உறுப்பினர் ஒருவரே ‘அன்று நான் ஊரிலேயே இல்லை’ என்று சொன்னால் போதும்; ஏமாற்றுதல், பொய்யான ஆவணத்தைப் பயன்படுத்துதல் என்ற குற்றச்சாட்டுகளுக்கு வழி திறந்துவிடும், முதலில் பதில் சொல்ல வேண்டியவர் புத்தகத்தை வைத்திருக்கும் செயலாளராகிய நீங்கள். வீடு வீடாகப் புத்தகத்தை அனுப்பிக் கையெழுத்து வாங்குவதும் ஏறக்குறைய இதே வகைதான். கூட்டத்துக்கு வராதவர் வந்ததாகக் காட்டும் கையெழுத்து அது. அந்தக் கையெழுத்தைக் கழித்தால் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச வருகை, இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தத் தீர்மானமே நிற்காது.

நீங்கள் அனுப்பிய இரண்டு பக்கங்களின் நகலைப் பார்த்தேன். ‘ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்ற வரி ஏழு முறை வருகிறது. யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், என்ன கேள்வி எழுந்தது என்பது ஒரு முறைகூட வரவில்லை. கையெழுத்துகளுக்கு மேலே மூன்று விரற்கடை அளவுக்கு வெற்றிடம் விட்டிருக்கிறது. பின்னால் தேவைப்பட்டால் எழுதிக்கொள்ளலாம் என்று விடும் இடம் அது என்பதைத் தீர்மானப் புத்தகங்களைப் பார்த்துப் பழகிய எந்தத் தணிக்கையாளரும் ஒரு பார்வையில் கண்டுகொள்வார். இனிமேல் அந்த இடத்தைக் கோடிட்டு அடைத்துவிடுங்கள்.

நீக்குவதற்கு முன்னால்

நான்கு பேரை நீக்கலாமா என்று கேட்கிறீர்கள். உங்கள் கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில் போகிறபோக்கில் சொல்லியிருக்கும் ஒரு செய்தி இந்தக் கேள்வியையே மாற்றிவிடுகிறது: கடைசியாகத் தேர்தல் நடந்தது 2019-இல். அதன்பின் கொரோனா வந்தது, பிறகு தலைவருக்கு உடல்நலம் சரியில்லை, அப்படியே தொடர்கிறோம் என்கிறீர்கள். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி செயற்குழு உறுப்பினர் ஒருவரின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக்கூடாது. அதே நபரை மறுபடி தேர்ந்தெடுக்கத் தடையில்லை. ஆனால் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆகவே அந்த நால்வரின் பதவிக்காலம் மட்டுமன்றி, தலைவருடையதும் பொருளாளருடையதும் உங்களுடையதும் 2022-இலேயே முடிந்துவிட்டன. பதவிக்காலம் முடிந்த ஐந்து பேர் பதவிக்காலம் முடிந்த நான்கு பேரை நீக்கித் தீர்மானம் போட்டால், அந்த நால்வரில் ஒருவர் மாவட்டப் பதிவாளரிடம் ஒரு மனு எழுதிக் கொடுத்தாலே சங்கம் இரண்டு அணியாகிவிடும். அப்படிப்பட்ட தகராறுகள் பெரும்பாலும் உரிமையியல் நீதிமன்றத்தில் போய் நிற்கும், வங்கிக் கணக்கு முடங்கும், சம்பளம் நிற்கும். அதனால் நீக்கம் என்ற பேச்சையே விட்டுவிட்டுப் பொதுக்குழுவைக் கூட்டித் தேர்தல் நடத்துங்கள். தொடர விருப்பமில்லாதவர் போட்டியிடாமல் இருப்பார். யாருடைய மரியாதையும் கெடாது.

ஆண்டுப் பொதுக்குழுவை நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் கூட்ட வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. அதாவது ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் முடிவதற்குள். தணிக்கை செய்த கணக்கு அங்கே வைக்கப்பட வேண்டும். தேர்தல் முடிந்ததும் புதிய குழுவின் விவரத்தைப் படிவம் 7-இல் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். விட்டுப்போன ஆண்டுகளுக்கு அவர் விளக்கம் கேட்பார். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கள். இந்த நிலையில் நீங்கள் மட்டும் இல்லை. வங்கிக் கிளையில் மேலாளர் மாறும்போது, ‘படிவம் 7 புது நகல் கொண்டுவாருங்கள்’ என்று சொல்லும் நாளில்தான் பல சங்கங்கள் தேர்தலைப் பற்றி நினைத்துப் பார்க்கின்றன.

இளைஞர்களைச் சேர்ப்பது நல்லதுதான். ஆனால் வயது குறைந்ததால் மட்டும் ஒருவர் கூட்டத்தில் வாய் திறப்பார் என்று எண்ண வேண்டாம். இப்போதைய முறையிலேயே கூட்டம் நடந்தால் ஒரு வருடத்தில் அவர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். ஊழியரைக் குழுவில் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தன் சம்பளத்தையும் தன் வேலை மதிப்பீட்டையும் தீர்மானிக்கும் கூட்டத்தில் அவர் உறுப்பினராக உட்கார்ந்திருந்தால், மற்றவர்கள் பேச வேண்டியதும் பேசாமல் போகும். கூட்டத்துக்கு அழைத்து அவர் வேலையைப் பற்றிச் சொல்லவைத்தால் போதும்.

அக்கறை இல்லாதவர்களா?

இந்த இடத்தில் நான் சொல்லப்போவது உங்களுக்குக் கொஞ்சம் கசக்கலாம். உங்கள் சம்மாட்டி உறுப்பினரும் ஜமாஅத் பெரியவரும் பங்குப் பேரவைக்காரரும் தத்தம் ஊர்க் கூட்டங்களில் எப்படி இருக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: கோயில், பள்ளிவாசல், தேவாலயத் திருவிழாக் கணக்கு வாசிக்கும் இரவில் பந்தல் செலவில் நூறு ரூபாய் இடித்தாலும் விடமாட்டார்களாம். அதே மனிதர்கள் உங்கள் மேசைக்கு முன்னால் ஊமையாகிவிடுகிறார்கள் என்றால், குறை அவர்களுடைய அக்கறையில் இருக்க முடியாது. ஊர்க் கமிட்டியில் கணக்கு அவர்கள் பேசும் தமிழில் சத்தமாக வாசிக்கப்படுகிறது, பணம் அவர்கள் ஊர்வரியாகக் கொடுத்த பணம், முடிவு அங்கேயே அவர்கள் கண்ணெதிரே எடுக்கப்படுகிறது. உங்கள் கூட்டத்திலோ, நிதி தந்தவருக்காக ஆங்கிலத்தில் தயாரித்த பதினெட்டுப் பக்க அறிக்கை மேசையில் இருக்கிறது. முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கிறது, பல நேரங்களில் செயல்படுத்தப்பட்டும் விட்டது. தீர்மானம் தட்டச்சாகிக் காத்திருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை படித்த சம்மாட்டி, வாசிக்க முடியாத தாளைப் புரட்டிப் பார்த்து, தெரியவில்லை என்று சொல்லிக் கூச்சப்படுவதைவிட ‘நீங்க பாத்துச் செய்ங்கம்மா’ என்று சொல்வது மரியாதை என்று நினைக்கிறார். நீங்கள் அதை அசட்டை என்று படிக்கிறீர்கள்.

பாசி எடுக்கும் அந்த உறுப்பினரைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரி எனக்கு இன்னும் உறுத்துகிறது. கதவோரம் உட்கார்ந்திருப்பவர், தேநீர் வந்ததும் எழுந்து எல்லோருக்கும் எடுத்துக் கொடுக்கிறார். அந்த நேரத்தில்தான் செலவுத் தீர்மானங்கள் வாசிக்கப்படுகின்றன. ஒன்பது பேரில் உங்கள் சுயஉதவிக் குழுக்களுக்குள் என்ன நடக்கிறது, எந்தக் குழுவில் கடன் யார் கைக்குப் போகிறது என்று நேரடியாக அறிந்தவர் அவர் ஒருவர்தான். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவானதிலிருந்து, பாசிக்குப் போகும் பெண்களுக்கும் வனத்துறைக்கும் இடையிலுள்ள இழுபறி அவருக்கு அன்றாடப் பாடு. அதைப் பற்றிய திட்ட அறிக்கையை எழுதும்போது அவரைக் கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. அடுத்த கூட்டத்தில் தேநீரை அலுவலக உதவியாளர் கொடுக்கட்டும். அவரை மேசைக்குப் பக்கத்தில் உட்காரவையுங்கள். பெண்கள் குழுக்கள் பற்றிய பொருளை அவரே தொடங்கிவைக்கட்டும்.

இதையெல்லாம் நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பது தெரிகிறது. திறமையான செயலாளர் இருக்கும் சங்கங்களில்தான் இது அதிகம் நடக்கிறது. எல்லாவற்றையும் தானே முடித்துவிடுபவருக்குப் பக்கத்தில் மற்றவர்களுக்கு மிச்சமிருப்பது கையெழுத்து மட்டுமே. சட்டம் சங்கத்தின் நிர்வாகத்தைக் குழுவிடம் ஒப்படைத்திருக்கிறது, செயலாளரிடம் இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சம்பளம் வாங்காதவருக்குப் பொறுப்பில்லையா?

தலைவர் சொல்வது பரவலான நம்பிக்கை, ஆனால் தவறு. சம்பளம் வாங்காததால் பதவியின் கடமை குறைவதில்லை. பொதுவாகச் சங்கத்தின் கடனுக்கு உறுப்பினரின் சொந்தச் சொத்தைத் தேட மாட்டார்கள் என்பது உண்மைதான், அதிலிருந்து இந்த நம்பிக்கை வளர்ந்திருக்கலாம். ஆனால் சில கடமைகளைச் சட்டமே நிர்வாகத்தில் இருப்பவரின் தலையில் வைக்கிறது. உங்கள் சங்கத்துக்கு நேரடியாகப் பொருந்தும் மூன்றைச் சொல்கிறேன்.

உங்களிடம் பதினான்கு ஊழியர்கள். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உள்ளகக் குழு ஒன்று இருக்க வேண்டும். மூத்த பெண் ஊழியர் தலைமையில், வெளியிலிருந்து ஓர் உறுப்பினரோடு, பாதிக்குக் குறையாத பெண்களோடு அது அமைய வேண்டும். அமைக்காவிட்டால் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டம் ‘வேலை வழங்குபவர்’ என்று சொல்லும்போது, நிறுவனத்தின் கொள்கையை வகுத்து நடத்தும் குழுவையும் சேர்த்தே சொல்கிறது. கௌரவப் பதவி என்று சொல்லி உங்கள் குழு இதிலிருந்து விலக முடியாது. உங்கள் கடிதத்தில் இப்படியொரு குழு இருப்பதாகக் குறிப்பே இல்லை.

அடுத்து, மாலை மையங்களில் குழந்தைகள் இருக்கிறார்கள். போக்சோ எனப்படும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், குழந்தைமீதான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது எல்லோருக்கும் கட்டாயம். ஊழியர் செய்ததை நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ‘ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிப்போம்’ என்ற பழக்கம் நம் கடற்கரையில் எவ்வளவு வேரூன்றியது என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் குழுவில் இருப்பவர்களே அந்தப் பெரியவர்கள் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் பேசி முடிக்க யாருக்கும் அதிகாரமில்லை என்பதைக் குழுவிலேயே வாசித்துத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். ஒரு மையத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், பெண் ஊழியர் இருக்கிறாரா, கடைசிப் பிள்ளை வீடு போய்ச் சேரும்வரை யார் பொறுப்பு என்பவற்றை மாதம் ஒருமுறை ஒரு உறுப்பினர் நேரில் போய்ப் பார்த்துவர வேண்டும்.

மூன்றாவது கடமை வருமான வரி தொடர்பானது. சங்கத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு கிடைப்பதன் அடிப்படை நிபந்தனைகளில் ஒன்று, நிர்வாகத்தில் இருப்பவரோ அவர் உறவினரோ சங்கத்தின் பணத்திலும் சொத்திலும் முறையற்ற ஆதாயம் அடையக்கூடாது என்பது. பொருளாளரின் தம்பி கட்டடத்தில் ஒரு மையம் வாடகைக்கு நடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வாடகைக்கு எடுத்ததே தவறு என்று சொல்லவில்லை. அக்கம்பக்க வாடகையைவிடக் கூடுதலாகக் கொடுத்தால்தான் சிக்கல். ஆனால் அந்த வாடகை நியாயம்தான் என்று காட்ட உங்களிடம் இன்று ஒரு தாளும் இல்லை. பொருளாளர் உறவைக் குழுவில் சொல்ல வேண்டும், அந்தப் பொருள் வரும்போது எழுந்து வெளியே போக வேண்டும், மற்றவர்கள் பக்கத்து வாடகைகளை விசாரித்து முடிவெடுக்க வேண்டும், இந்த மூன்றும் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும். ஊர் அறிந்த விஷயம்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

இவற்றைச் சொல்லிக் குழுவைப் பயமுறுத்த வேண்டாம். பயந்தவர் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். தம் கையெழுத்துக்கு எடை உண்டு என்று தெரிந்தால் அதைப் போடுமுன் கேட்க வேண்டும் என்று தோன்றும். அதற்காகத்தான் சொல்லச் சொல்கிறேன்.

ஆயிரம் ரூபாய்

கூட்டத்துக்கு வந்ததற்காகக் காசு கொடுப்பதை நான் விரும்பவில்லை. குழு உறுப்பினருக்குப் பணம் தரலாமா என்பதை முதலில் உங்கள் பைலாதான், அதாவது சங்கத்தின் பதிவான விதிகள்தான், சொல்ல வேண்டும். கௌரவப் பதவி என்று அதில் எழுதியிருந்தால் அதைத் திருத்தாமல் கொடுக்க முடியாது. பைலா திருத்தத்துக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும்: இருபத்தொரு நாள் முன்னறிவிப்பு கொடுத்துக் கூட்டிய பொதுக்குழுவில், வந்து வாக்களிக்கும் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரிக்க வேண்டும். அவ்வளவு சிரமப்பட்டுக் கொடுத்தாலும், மேலே சொன்ன ஆதாயம் என்ற கேள்வி பின்னாலேயே வரும்.

ஆனால் பேருந்துச் செலவைக் கொடுப்பது வேறு விஷயம். ஒரு நாள் பாசிக்குப் போகாமல் வரும் பெண்ணுக்கு அந்தக் கூட்டம் ஒரு நாள் வருமானத்தை விழுங்கும் விஷயம். மதுரை மருத்துவருக்கு அப்படியில்லை. உண்மையான பயணச் செலவும் இழந்த கூலிக்கு ஓர் ஈடும் என்று குழுவே ஒரு விதி வகுத்து, பைலா இடம் கொடுத்தால், தேவைப்படுபவர் ரசீதோடு வாங்கிக்கொள்ளட்டும். எல்லோருக்கும் ஒரே தொகை என்று உறையில் போட்டுக் கொடுக்க வேண்டாம்.

கூட்டத்தின் நாளும் தாளும்

வருகைக் குறைவுக்குக் காரணம் தேடிப் பெரிதாக அலைய வேண்டியதில்லை. சனிக்கிழமை விசைப்படகுகள் டோக்கன் வாங்கிக் கடலுக்குக் கிளம்பும் நாள் என்று நீங்களே எழுதுகிறீர்கள். அன்று காலை 11 மணிக்குச் சம்மாட்டி படகுத்துறையில் டீசலுக்கும் ஐஸுக்கும் நின்றுகொண்டிருப்பார். வெள்ளி நண்பகல் ஜும்ஆ, ஞாயிறு காலை பூசை. பாசிக்குப் போகும் பெண்களுக்கு நாளைத் தீர்மானிப்பது காலண்டர் இல்லை, கடல். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒன்பது பேரையும் கேட்டு நாளை முடிவு செய்யுங்கள். மாலை நேரமாக இருந்தால் பெரும்பாலோருக்குத் தோதாக இருக்கும். மாதாமாதம் கூட வேண்டும் என்று பைலா சொல்லவில்லையென்றால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒழுங்காகக் கூடுவது மேல். ராமேசுவரம் பக்கத்திலிருந்து வருபவருக்கு மாவட்டத் தலைநகர் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். ஒரு கூட்டத்தை அலுவலகத்தில் நடத்தினால் அடுத்ததை ஏதாவது ஒரு படிப்பு மையத்தில், பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் நடத்துங்கள். மின்விசிறி ஓடவில்லை, கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதைக் குழு தன் கண்ணால் பார்த்துவிட்டால், அதற்கான செலவுத் தீர்மானத்துக்கு நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியிராது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். படகு ஏற்றிப் பழுதுபார்க்கும் வேலை இருந்தாலும் ஒரு முழு நாளை ஒதுக்க முடியும். நிதியாண்டு அப்போதுதான் முடிந்திருக்கும். ஆண்டுக் கணக்கைக் குழு உட்கார்ந்து வரிவரியாகப் பார்ப்பதற்கும், வரும் ஆண்டில் எந்த ஊரில் என்ன வேலை என்று பேசுவதற்கும் அந்தக் காலத்தைவிடப் பொருத்தமானது உங்கள் கடற்கரையில் கிடையாது. தணிக்கைக்கும் செப்டம்பருக்குள் நடத்த வேண்டிய பொதுக்குழுவுக்கும் அதன்பின் போதிய அவகாசம் இருக்கும்.

ஏழு நாளுக்கு முன்னால் பொருள்நிரலோடு அழைப்பு போக வேண்டும். அதோடு ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் கணக்கு: வங்கியில் எவ்வளவு இருக்கிறது, அதில் எவ்வளவு இன்ன வேலைக்கென்றே வந்த பணம், போன கூட்டத்துக்குப் பின் வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, யாருக்கு இன்னும் கொடுக்க வேண்டும். வாசிக்கச் சிரமப்படுபவர்களுக்கு அதையே வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புங்கள். கூட்டத்தில் பொருளாளர் அதைச் சத்தமாக வாசிக்கட்டும், நீங்கள் வாசிக்க வேண்டாம். மீன் ஏலத்தில் மனக்கணக்குப் போடுபவருக்கு இது கஷ்டமாக இராது. இதுவரை யாரும் அவரை வாசிக்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒவ்வொரு கூட்டத்திலும் உண்மையிலேயே முடிவெடுக்க வேண்டிய ஒன்றிரண்டு பொருள்களாவது இருக்கட்டும். பணம் குறைந்துபோனால் எந்த மையத்தை மூடுவது, பிடிபட்ட படகுகளின் குடும்பங்களில் கூலிக்குப் போன மீனவர் வீட்டுக்கும் படகு உரிமையாளர் வீட்டுக்கும் ஒரே உதவியா வேறு வேறா என்பன போன்றவை. இவற்றில் உங்களுக்கு முன்கூட்டியே ஒரு கருத்து இருக்கும். அதைக் கடைசியில் சொல்லுங்கள். குழு வேறு முடிவெடுத்தால் அதைச் செயல்படுத்துங்கள். ஒரே ஒரு முறை அப்படி நடந்தாலும் அடுத்த கூட்டத்தில் நாற்காலிகள் நிரம்பும். மாற்றுக் கருத்து சொன்னவரின் பெயரோடு அதைப் பதியவும் வேண்டும், அவருக்கு அது பாதுகாப்பும்கூட.

ஆளுக்கொரு பொறுப்பு கொடுப்பதில் ஓர் எச்சரிக்கை. சம்மாட்டிக்குப் பிடிபட்ட மீனவர் குடும்பங்கள், மருத்துவருக்கு மையங்களின் பிள்ளைகள் உடல்நலம், முன்னாள் ஊராட்சித் தலைவருக்கு அரசு அலுவலகங்கள் என்று பிரித்துக் கொடுக்கலாம். ஆனால் உறுப்பினர் பார்த்துவந்து குழுவில் சொல்ல வேண்டும். ஊழியரிடம் நேரடியாக வேலை ஏவக்கூடாது. தன் ஊர்ப் பையனுக்கு வேலை, தன் தெருவில் மையம் என்று ஆரம்பித்தால், பேசாத குழுவே மேல் என்று நீங்கள் எனக்கு மறுகடிதம் எழுதுவீர்கள். எந்த முடிவு குழுவுடையது, எந்த முடிவு உங்களுடையது, எவ்வளவு ரூபாய் வரை நீங்கள் தனியாகச் செலவிடலாம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி முதல் கூட்டத்திலேயே நிறைவேற்றிக்கொள்ளுங்கள்.

நிறுவனத்துக்கு எழுத வேண்டிய பதில்

அவர்கள் மூன்று ஆண்டுகளைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கம்பெனிச் சட்டத்தின் சி.எஸ்.ஆர். விதிகளின்படி, வெளிச் சங்கம் ஒன்றின் வழியாகச் செலவிடும்போது, அது வரிவிலக்குப் பதிவு பெற்றிருக்க வேண்டும், நன்கொடைக்கான 80ஜி அங்கீகாரம் இருக்க வேண்டும், குறைந்தது மூன்று ஆண்டு வேலை அனுபவம் இருக்க வேண்டும், சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இந்த நான்கும் உங்களிடம் உள்ளன என்று எழுதியிருக்கிறீர்கள். தீர்மானங்களையும் வருகையையும் கேட்பது அவர்களுடைய சொந்தப் பரிசோதனை. அதில் இருப்பதைத்தான் கொடுக்க முடியும்.

நடந்த கூட்டங்களின் தீர்மானங்களை மட்டும் கொடுங்கள், யார் நேரில் வந்தார் என்பதைத் தனியாகக் குறியுங்கள். குழுவின் பதவிக்காலம் முடிந்திருப்பதையும், பொதுக்குழுவுக்கு அறிவிப்பு அனுப்பிய தேதியையும், தேர்தல் முடிந்து படிவம் 7 தாக்கல் செய்தபின் அதன் நகலை அனுப்புவதாகவும் கடிதத்தில் எழுதுங்கள். இதனால் இந்த ஆண்டு நிதி தள்ளிப்போகலாம், ஒருவேளை கிடைக்காமலும் போகலாம். அந்த நட்டத்துக்குத் தயாராகத்தான் இருக்க வேண்டும். நான் அறிந்தவரை, குறையைத் தானே சொல்லித் திருத்தும் தேதியையும் தரும் சங்கத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் காத்திருக்கச் சொல்கின்றன, ஒதுக்கிவிடுவதில்லை.

இந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன் தலைவர் வீட்டுக்கு நீங்களே போய், அவர் கண் முன்னால் வாசித்துக் காட்டுங்கள். உதவியாளரிடம் கொடுத்து அனுப்ப வேண்டாம். பிறகு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் பைலாவின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். அலுவலகத்தில் இருக்கும் தட்டச்சுப் பிரதியில் கோரம் ‘மூன்றில் ஒரு பங்கு’ என்று ஒரு பக்கத்திலும் ‘ஐந்து பேர்’ என்று இன்னொரு பக்கத்திலும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பதிவான பிரதியில் எது இருக்கிறது என்று பார்க்காமல் பொதுக்குழு அறிவிப்பை அச்சடிக்க வேண்டாம். அந்த நகல் கைக்கு வந்ததும் கோரம், தேர்தல் முறை, உறுப்பினர் சந்தா பாக்கி பற்றிய பக்கங்களை மட்டும் எனக்கு அனுப்புங்கள். சந்தா பாக்கி வைத்தவருக்கு வாக்குரிமை உண்டா என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.